கடைசிப் படத்தையும் இரண்டாக வெட்டினார்கள்

திமோத்தி, அப்பா லெஸ்லியை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள, அம்மா சாந்தமேரி ஈரத்துணியால் அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரலில் வந்த புற்று லெஸ்லியைப் பாதி ஆளாக்கியிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். உடம்புதான் இளைத்ததே தவிர அதிகாரம் இளைக்கவில்லை.

"மெதுவா தேய் மேரி. நான் என்ன கறிச்சட்டியா?"

அம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டின் மூன்றாவது மாடி அது. கீழே, கார் நிறுத்துமிடத்தில், திமோத்தியின் மனைவி விஷ்ணுப்ரியா காருக்குள் உட்கார்ந்திருந்தாள். மாதா கோயில் பூசையெல்லாம் இல்லாமல், பதிவு அலுவலகத்தில் ஓர் இந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்ட மகனிடம், "அவ என் வாசல்ல கால் வைக்கக் கூடாது" என்று லெஸ்லி சொன்னது சொன்னதுதான். அவர் படுக்கையில் விழுந்த பிறகு திமோத்தி தினமும் பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து வந்தான். அவளும் கூடவே வந்து காரில் இருந்துகொள்வாள். குப்பை கொட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு அம்மா இடியப்ப டப்பாவோடு இறங்குவாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கொட்டும் அளவுக்கு வீட்டில் குப்பை ஏது என்று லெஸ்லி ஒருநாளும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசியதே ஒரு நாவலின் புண்ணியத்தில்தான். குருட்டு டிராகன் ஒன்றைப் படகில் ஏற்றிக்கொண்டு கடல் கடக்கும் படகோட்டியைப் பற்றிய தடித்த ஆங்கில மாயக்கதை. திமோத்தி பள்ளியில் படிக்கும்போது வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிரதி. மகன் முடிக்கும்வரை பொறுக்க மாட்டாமல், ரயில்வேயில் வேலை பார்த்த லெஸ்லி சவர பிளேடால் அதன் முதுகைக் கீறி மூன்றாக்கினார். மகன் முன்னால் படித்துக்கொண்டு போக, அவர் பின்னால் வந்தார்.

பல வருடம் கழித்து சினிமா கம்பெனிக்காரனும் அதே வேலையைச் செய்தான். ஒரே நாவல், மூன்று படம். சவ்வு மாதிரி இழுக்கிறான் என்று ஊரே திட்டியது. லெஸ்லி திட்டவில்லை. "மொத பாகம் வருதாம், டிக்கெட் எடுத்து வை" என்று, இரண்டு வருட வீம்பை விட்டு, மகனுக்கு ஃபோன் செய்தார். இரண்டாம் பாகத்துக்கும் அப்படித்தான். தியேட்டர் வாசலில் நின்று டிராகனைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். ப்ரியாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

மூன்றாம் பாகம் வரும்வரை அப்பா தாங்க மாட்டார் என்று திமோத்திக்குத் தெரியும். அவனுக்குப் படம் முக்கியமில்லை. அவர் ஒரே ஒரு தடவை ப்ரியாவை உள்ளே கூப்பிட்டுவிட வேண்டும். கூப்பிடாமலே போய்விட்டால், ஆயுசுக்கும் இந்த மனிதரைக் கோபத்தோடுதான் நினைக்க வேண்டியிருக்கும் என்று பயந்தான்.

சட்டையை மாட்டிவிட்டபோது அவனுடைய ஃபோன் சிணுங்கியது.

"என்னடா சேதி?"

"ஒண்ணுமில்லப்பா. நம்ம படம்தான். கடைசிப் பாகத்த ரெண்டா பிரிக்கிறானாம். பாதி அடுத்த வருஷம், மீதி அதுக்கும் அடுத்த வருஷம்."

"கடைசியையா?" லெஸ்லி தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார். "கடைசின்னு சொல்லிட்டு அதையும் வெட்டுறானா? புத்தகத்துல மீதி இருக்கறதே கொஞ்சூண்டு லா! அதுல என்னத்த ரெண்டு படம் எடுப்பான்?"

இருமல் பிடித்துக்கொண்டது. அம்மா தண்ணீர் கொடுத்து நெஞ்சை நீவிவிட்டாள். இருமல் நின்ற பிறகு அவர் மெல்லத் தலையணையில் சாய்ந்தார்.

"நான் ஒண்ணு நெனச்சி வச்சிருந்தேன், திமோ."

"என்னப்பா?"

"கடைசிப் படத்துக்கு அந்தப் புள்ளையையும் கூட்டிட்டு வாடான்னு சொல்லணும்னு. படம் முடிஞ்சதும் அப்படியே வீட்டுக்குக் கூட்டியாந்துரலாம்னு. ரெண்டாவதுக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரல. சரி, இன்னொண்ணு இருக்கேன்னு விட்டுட்டேன்."

திமோத்தியின் மனம் இளகியது. கூடவே கோபமும் பொங்கியது. நடுவில் எத்தனை கிறிஸ்துமஸ் வீணாய்ப் போயிற்று!

"ஃபோன்ல சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருக்கலாம்தான்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இவனுங்க வெட்டிக்கிட்டே போவானுங்க. எனக்கு ஏது நேரம்? கீழ கார்லதானே இருக்கா? மேல வரச் சொல்லு."

சாந்தமேரி குப்பைப் பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள்.

ப்ரியா வந்து கதவோரம் நின்றாள். கையில் கார் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "எப்படி இருக்கீங்க, அங்கிள்?"

"அங்கிளா? நான் என்ன டாக்சிக்காரனா? மாமான்னு கூப்புடு. உக்காரு. படம் ரெண்டும் பாத்தியா?"

"பாத்தேன் மாமா." அவள் தயங்கினாள். "உங்களுக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன். ரெண்டு வரிசை தள்ளி."

திமோத்தி தரையைப் பார்த்தான். அது அவனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தான்.

"தெரியும்," என்றார் லெஸ்லி. "டிராகன் அழுவுற எடத்துல ஒருத்தி மூக்க உறிஞ்சிக்கிட்டே இருந்தா. யாருன்னு கண்ணாடிய ஏத்திக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன்."

ப்ரியா மறுபடியும் மூக்கை உறிஞ்சினாள். அம்மா தன் முந்தானையை நீட்டினாள்.

"மீதிக் கதைய நான் சொல்றேன், கேளு. கம்பெனிக்காரன நம்பாத."

மத்தியானம் முழுக்கச் சொன்னார். நடுநடுவே தூங்கினார், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த திமோத்திக்கு எல்லாம் காதில் விழுந்தது. நாவலில் இல்லாத ஒரு சண்டையை அவராகவே சேர்த்துவிட்டார். திருத்த அவன் போகவில்லை. "அப்புறம் மாமா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். டிராகன் கரையேறி, கதையும் முடிந்தபோது பக்கத்து வீடுகளில் விளக்கு போட்டிருந்தார்கள். அன்றைக்கு அவளைக் காருக்குப் போக யாரும் விடவில்லை.

மறுநாள் விடிந்து, திமோத்தி ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் லெஸ்லியின் மூச்சு அடங்கியிருந்தது. பெண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அழுகைக்கு முன்னால் திமோத்திக்கு நிம்மதிதான் வந்தது. அவருக்கு வலி விட்டது. தனக்குக் கோபம் விட்டது. ரொட்டிப் பையோடு நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் பெருமூச்சு விட்டான்.

அடக்கத்தன்று, பெட்டியை மூடுமுன், ஜெபம் நடத்திய உபதேசியார் குடும்பத்தாரை ஒவ்வொருவராகத் தீர்த்தம் தெளிக்கக் கூப்பிட்டார். அம்மா தெளித்தாள். திமோத்தி தெளித்தான். ப்ரியா பழக்கதோஷத்தில் வாசலோரம், வெளியாட்களோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இருங்க," என்றாள் சாந்தமேரி, கூடமெல்லாம் கேட்கும்படி. "என் மருமக இன்னும் வரல."

கூட்டம் விலகி வழிவிட்டது. ப்ரியா வந்து தீர்த்தம் தெளிக்கும் குச்சியை வாங்கினாள். அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? செம்பில் ஆழமாய் முக்கி, பலமாய் உதறிவிட்டாள். தண்ணீர் லெஸ்லியின் மூக்குக் கண்ணாடி முழுக்கத் தெறித்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவள் பதறிப்போய் மாமியாரைப் பார்த்தாள்.

சாந்தமேரி குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திரும்ப அவருக்கு மாட்டிவிட்டு, காதோரம் சரிசெய்தாள்.

"இப்ப மூடுங்க."