தம்மாமுக்குப் போன பேச்சு

சங்கரி டீச்சர் கெட்டவங்க இல்ல. அத மொதல்லயே சொல்லிருதேன், இல்லன்னா நான் ஏசுத ஏச்சுல நீங்க வேற மாதிரி நெனச்சிருவீங்க. என் மக தஸ்மியாவுக்கு வேதியியல் சொல்லிக்குடுக்க தச்சநல்லூர்ல இருந்து மேலப்பாளையத்துக்கு ஸ்கூட்டியில வருவாவ. மழைன்னாலும் வருவாவ, கரண்டு இல்லன்னாலும் வருவாவ. காலாண்டுல பாஸாகுததே பெரும்பாடுன்னு கெடந்த பிள்ள அரையாண்டுல வகுப்புல மூணாவதா வந்துச்சுன்னா, அது அந்தப் பொம்பளையோட ஒழைப்புதான். இவ்வளவு சொல்லிட்டேன்லா, இனி ஏசலாம்.

டீச்சருக்கு ஒரு வீட்ல எத யாருகிட்ட சொல்லணும்னு தெரியல. சம்பளம் சவுதியில தம்மாம்ல இருந்து வருது, அனுப்புதது என் வீட்டுக்காரர் முகம்மது மைதீன். அதனால என்னத்தக் கண்டாலும் அவியகிட்டதான் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டாவ. நான் ஒருத்தி அந்தச் சுவருக்கு அங்கிட்டு அடுக்களையில முழுசா நிக்கேன். ரெண்டு எட்டு வச்சு வந்து, "அக்கா, ஒங்க மக இப்படி இருக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கனயே முடிஞ்சிருக்கும். சொல்லல. கடல் தாண்டி இருக்க மனுசனுக்கு வாட்சப்புல பேசி அனுப்பிட்டாவ. "சார், தஸ்மியா நல்லாத்தான் படிக்கா. ஆனா பாடம் நடக்கும்போது அடிக்கடி போனப் பாக்கா, தனக்குத்தானே சிரிச்சுக்கிடுதா. கொஞ்சம் கவனிச்சுக்கோங்க சார்."

கவனிச்சுக்கோங்களாம். தம்மாம்ல இருந்துக்கிட்டு எதக் கவனிக்க? கட்டிலுக்கு மேல கட்டிலப் போட்டு ஒரு ரூமுக்குள்ள எட்டுப் பேரு கெடக்காவ. அங்க போய், பதினேழு வயசுப் பிள்ள போனப் பாத்துச் சிரிக்குதுன்னு ஒரு பேச்சு விழுந்தா தகப்பன் மனசுல என்ன தோணும்? எது தோணுமோ அதுதான் தோணிச்சு. என் வீட்டுக்காரர் எங்கிட்ட கேட்டாவளான்னா, அதுவும் இல்ல. நேரா அண்ணன்கிட்ட சொல்லிட்டாவ.

அவிய அண்ணன நான் பெரிய மச்சான்னு கூப்பிடுவேன். பஜார்ல ஜவுளிக்கடை, நாலு தெரு தள்ளி வீடு. அவிய பொஞ்சாதி, பெரிய மைனி, தன் தங்கச்சி மகனுக்கு தஸ்மியாவக் கேட்டுக்கிட்டே இருந்தா. பையன் துபாய்ல இருந்து லீவுல வேற வந்திருக்கான். பிள்ளைக்கு பி.பார்ம் படிக்கணும்னு ஆச, மொதல்ல பன்னெண்டாவத முடிக்கட்டும்னு நானும் பையப் பையத் தள்ளிக்கிட்டே வந்தேன். இப்ப டீச்சர் வாயால ஒரு சாக்கு கெடச்சுப்போச்சு.

தஸ்மியா யாரு எழுதுனதப் பாத்துச் சிரிச்சான்னு நான் சொல்லுதேன். நான் எழுதுனதத்தான். டியூசன் நடக்கும்போது ஹாலுக்குள்ள போய்ப் பேசுனா பாடம் கெட்டுப்போகும்னு அடுக்களையில இருந்தே மெசேஜ் போடுவேன். டீச்சருக்கு டீயா காபியான்னுதான் ஆரம்பிச்சது. அப்புறம் என் வாய் சும்மா இருக்குமா? வெங்காயம் வதங்குத நேரத்துல மனசுல வாரத எல்லாம் எழுதிப்போடுவேன். அங்க அவ உதட்டக் கடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. நாள் பூரா எனக்கு இருந்த ஒரே சந்தோசம் அதுதான்.

ஜனவரி மாசம், ஒரு வியாழக்கெழம. காலையிலயே பெரிய மச்சான் போன் போட்டாவ. "நஃபீஸத், சாயங்காலம் டீச்சர் வரும்போது நானும் வாரேன். படிச்ச வரைக்கும் போதும். பிள்ளையோட போன வாங்கி வையி."

தஸ்மியாகிட்ட சொன்னேன். மொகம் வெளுத்துட்டு அவளுக்கு. என் முன்னாலயே போன எடுத்து, நான் அனுப்புன மெசேஜ் அத்தனையும் அழிச்சிட்டா.

"ஏட்டி, அத ஏன் அழிக்க?"

"பெரியவாப்பாவப் பத்தி நீ எழுதுனது எல்லாம் இதுல இருக்கும்மா. படிச்சாவன்னா ஒன்ன என்ன பண்ணுவாவன்னு தெரியாதா?"

போன எங்கிட்ட குடுத்தா. வாங்கிப் பாத்தேன். கூடப் படிக்க பிள்ளைய, பள்ளிக்கூட குரூப்பு, அவ மாமி மக, அவ்வளவுதான். பாத்துட்டு வச்சேன். அவ பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தா.

சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்ச கையோட பெரிய மச்சான் வந்துட்டாவ. நாற்காலிய ஹால் நடுவுல இழுத்துப் போட்டு உக்காந்தாவ. தம்பிக்கு வீடியோ போட்டு, போன தண்ணிச் செம்புல சாச்சி வச்சாவ. என் வீட்டுக்காரர் வேலை உடுப்போட தெரிஞ்சாவ. சலாம் சொன்னேன். பதில் சொன்னாவ, மொகத்தப் பாக்கல.

டீச்சர் ஒண்ணும் தெரியாம ஹெல்மெட்டக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாவ.

"வாங்க டீச்சர், உக்காருங்க." மச்சான் ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாவ. "தம்பிகிட்ட சொன்னத எங்கிட்டயும் ஒருக்கா சொல்லுங்க."

டீச்சர் என்னப் பாத்தாவ, செம்புல சாஞ்சிருக்க போனப் பாத்தாவ. "கவனம் செதறுதுன்னுதான் சார் சொன்னேன்."

"போனப் பாத்துச் சிரிக்கான்னு சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"யாருக்கு எழுதுதான்னு தெரியுமா?"

"தெரியாது சார். அத நான் கேக்கல."

கேக்கதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்கன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. அடக்கிக்கிட்டேன்.

மச்சான் தஸ்மியாவக் கூப்பிட்டு, நான் வச்சிருந்த அவ போன வாங்குனாவ. மேல கீழ தள்ளித் தள்ளிப் பாத்தாவ. "ஒண்ணையும் காணுமே. டீச்சர் பொய் சொல்லுதாவளா? இல்ல நீ அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"யாரு எழுதுனது?"

தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கா. உம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா தப்பிச்சிரலாம். சொல்லல. என்னக் காப்பாத்துதாளாம். பெத்தவளக் காப்பாத்த தன் படிப்பத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கா என் மக.

மச்சான் போன் பக்கம் திரும்புனாவ. "மைதீனு, கண்ணால பாத்துக்கோ. இனி என்ன பரீட்சை, என்ன காலேஜு? நாளைக்கே நான் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிருதேன். மே மாசம் பிள்ளைக்குப் பதினெட்டு முடியுது. இப்பவே பேசி வச்சிருவோம்."

என் வீட்டுக்காரர் நெத்தியத் தொடச்சாவ. சரிண்ணேன்னு சொல்லத்தான் வாயெடுத்தாவ. எனக்குத் தெரியும், அண்ணன்காரன் சொல்லுக்கு அவிய மறுசொல்லு சொன்னதே கெடையாது. அந்த 'சரி' வெளிய வந்துட்டா அதத் திரும்ப உள்ள தள்ள யாராலயும் முடியாது.

"எழுதுனது நான்."

மச்சான் என்னத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாவ. "மகளுக்காக நீ என்னத்தயும் சொல்லுவ."

"என் போன்ல எல்லாம் அப்படியே இருக்கு மச்சான். வாசிக்கேன், கேளுங்க."

"டீச்சருக்கு டீயா காபியா" அப்படீன்னு வாசிச்சேன்.

"இதுக்கா சிரிச்சா?"

"'ஒங்க டீச்சர் எதுக்கு வரிக்கு வரி ஓகேவா ஓகேவாங்காவ? இந்தக் கொழம்பு கொதிக்கதுக்குள்ள நாப்பது ஓகே ஆயிட்டு.'"

டீச்சர் தலையக் குனிஞ்சுக்கிட்டாவ. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த நேரத்துல நான் யாருக்குன்னு பாவம் பாக்க?

"ஒரு மெசேஜ் இருக்கும். இதுக்கே தெனமும் சிரிப்பாளா?" மச்சான் விடுத மாதிரி இல்ல.

"'பெரியும்மா குடுத்துவிட்ட கொழம்ப வாயில வச்சேன். தூத்துக்குடி உப்பளம் மொத்தமும் அதுக்குள்ளதான் கெடக்கு.'"

மச்சான் மொகம் மாறிட்டு. "என் பொஞ்சாதியவா சொல்லுத நீ?"

இதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்துனா ரெண்டு மூணு மெசேஜ ஜோடிச்சு வச்சிருக்கான்னு சொல்லிருவாவ. வாசிச்சேன். "'ஒங்க பெரியவாப்பா வந்துட்டு இப்பதான் போறாவ. வந்ததும் ஃபிரிட்ஜத் தொறந்து பாத்தாவ. தம்பி சம்பாத்தியம் கெட்டுப்போகாம இருக்கான்னு பாக்காவ போல.'"

செம்புப் பக்கத்துல இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்துச்சு. என் வீட்டுக்காரர்தான். அடக்கப் பாக்காவ, முடியல. அண்ணன் மொகத்தப் பாத்ததும் வாயப் பொத்திக்கிட்டாவ.

"இன்னும் இருக்கா?"ன்னு போன்ல இருந்து கேட்டாவ.

"இருக்கு. ஒங்களப் பத்தி."

"வாசி."

"'ஒங்க வாப்பா போன் போட்டாவ. சாப்டியான்னாவ. கலியாணம் ஆனதுல இருந்து அதே கேள்விதான். சாப்டேன் சாப்டேன்னு சொல்லிச் சொல்லியே நான் இந்த எடை ஆயிட்டேன்.'"

இப்ப சிரிப்ப நிறுத்திட்டாவ. "இதெல்லாம் நீ எனக்கு எழுதவே மாட்டேங்கியே நஃபீஸத்"ன்னாவ.

"நீங்க எங்கிட்ட கேட்டாத்தான? வீட்ல என்ன நடக்குன்னு டீச்சர்கிட்டல்லா கேக்கிய."

அண்ணனக் கூப்பிட்டாவ. "அண்ணே, பிள்ள பரீட்சை எழுதட்டும். காலேஜும் போகட்டும். அந்தப் பேச்ச விட்ருங்க." மொத தடவையா மறுசொல்லு சொல்லிட்டாவ.

மச்சான் எந்திரிச்சாவ. செம்புல சாச்சிருந்த தன் போன எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டு, "பொம்பளைக்கு இம்புட்டு வாய் ஆகாது"ன்னு சொல்லிட்டுப் போனாவ. மைனி இனி என் மொகத்துல முழிக்க மாட்டா. கெடக்கட்டும், அத அப்புறம் பாத்துக்கிடலாம்.

டீச்சர் அழுதுக்கிட்டிருந்தாவ. "அக்கா, நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். இப்படி ஆகும்னு நெனைக்கல. நான் இனிமே வரல, வேற ஆளப் பாத்துக்கோங்க."

"நல்லதுக்குத்தான். இல்லைங்கல. ஒங்களுக்கு அது ஒரு வார்த்தை. எம் மகளுக்கு அது தலைவிதி. மொத நாளே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் சிரிச்சுட்டு, சாரி டீச்சர், இனிமே மெசேஜ் போடலன்னு சொல்லியிருப்பேன். நீங்க இந்த வீட்டுக்குப் பாடம் எடுக்க வாறதுக்கு முந்தி, இந்த வீட்ல யாரு இருக்கான்னு பாத்திருக்கணும்." மூச்சு வாங்குச்சு எனக்கு. "நாளைக்கு நீங்க வரலன்னா, பெரிய மச்சான் சொன்னதுதான் நெசம்னு தெரு பூரா பேசும். அதனால நாளைக்கு வரணும். மொகத்தக் கழுவிட்டுப் போங்க."

மொகத்தக் கழுவிட்டுப் போனாவ. நான் கதவச் சாத்திட்டு ரூமுக்குள்ள போனேன். தஸ்மியா ஓடி வந்து கட்டிப்பிடிப்பான்னு நெனச்சேன், பொய் சொல்லுவானேன். அவ கட்டில்ல உக்காந்து காலப் பாத்துக்கிட்டிருந்தா.

"பொழச்சோம்ட்டி"ன்னேன்.

"உம்மா, பெரியவாப்பாவுக்கு யாரு எழுதுனான்னு தெரியாது. வாப்பாவுக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா, நீதான் எழுதுனன்னு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் காலையில எம் போன வாங்கி ஒண்ணொண்ணாத் தேடுன?"

சும்மா பாத்தேன்னு சொல்ல வந்தேன். சும்மா பாக்கல. ஆம்பளப் பேரு ஏதும் இருக்கான்னு பேரு பேராத்தான் பாத்தேன். கடல் தாண்டி இருக்க மனுசன் சந்தேகப்பட்டதுக்கு அந்த ஏச்சு ஏசுனேன். கூடவே இருக்க நானும் அதத்தான் செஞ்சிருக்கேன், அதுவும் எல்லாம் தெரிஞ்சிருந்தும். தஸ்மியா தலையத் தூக்கி என்னயவே பாத்துக்கிட்டிருந்தா.