ஆற்றங்கரைக் கற்கள்

சனிக்கிழமை மலைக்குப் போய் மறுநாள் விருந்தின் நெருப்புக் குழிக்குக் கல் கொண்டுவருவதாக மனைவி நெலியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிய தெமெத்ரியோ, வழியில் நண்பன் வீட்டில் கால்பந்தாட்டம் பார்க்க உட்கார்ந்துவிட்டான். பீரும் பேச்சுமாகப் பொழுது சாய்ந்தது. இனி மலையேற முடியாது. திரும்பும்போது மந்தாரோ ஆற்றங்கரையில் தன் மூன்று சக்கர வண்டியை நிறுத்தி, கைக்கு வாகாகக் கிடந்த கற்களை அள்ளிப் போட்டுக்கொண்டான். ஆற்றுக்கல் உள்ளே ஈரம் வைத்திருக்கும், நெருப்பில் வெடிக்கும் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தொட்டுப் பார்த்தான். காய்ந்துதானே இருக்கிறது, ஒரு வேளைக்குத் தாங்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டு முற்றத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பச்சமாங்கா விருந்து. குழிமேல் கற்களைக் கூடுபோல் அடுக்கி உள்ளே விறகு எரிப்பார்கள். கல் பழுக்கக் காய்ந்ததும் உருளைக்கிழங்கையும் பச்சிலை அரைத்துத் தடவிய இறைச்சியையும் கற்களுக்கு நடுவே அடுக்கி, புல்லும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். கூடு கட்டுவதில் நெலியின் தங்கை எர்மெலிந்தாவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மறுநாள் காலை அவள் ஒரு கல்லைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன மச்சான், கல்லு இவ்வளவு வழுவழுன்னு இருக்கு?”

“புது இடம். மலைக்குப் பின்பக்கம்.”

“அதான் பார்த்தேன். முன்பக்கத்துக் கல்லுன்னா உங்க மூஞ்சி மாதிரில்ல இருக்கும்!”

நெலி அடுப்படியிலிருந்தே சிரித்தாள். தெமெத்ரியோவும் சிரித்துவைத்தான்.

ஹாலந்துக்காரர்களின் வேன் வந்து நின்றபோது கூடு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. விறகைத் தள்ளிவிட எர்மெலிந்தா குனிந்தாள். வேட்டுப் போட்டதுபோல் ஒரு சத்தம். அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

நெலி ஓடி வந்தாள். பயத்தில் கோபம்தான் முதலில் வந்தது. “எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நெருப்புக்கிட்ட தலையைக் கொடுக்காதேன்னு! சொன்னா கேட்டாத்தானே!”

பயணிகளில் வயதான ஒருவர் பதறிப்போய், “என்ன ஆயிற்று?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லை ஐயா. கொஞ்சம் கிட்டப் போயிட்டா” என்றான் தெமெத்ரியோ.

எர்மெலிந்தா ஒரு கண்ணால் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி அவளைக் காரில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனாள்.

விருந்து நிற்கவில்லை. விருந்தாளிகளைச் சுவரோரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு, மீதிக் கற்கள் வெடிக்குமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தெமெத்ரியோ தனியாகவே குழியை அடுக்கி மூடினான். வேறெதுவும் வெடிக்கவில்லை. மண்ணைத் திறந்ததும் ஆவியும் பச்சிலை மணமும் முற்றம் முழுக்கப் பரவின. எல்லோரும் கைதட்டினார்கள்.

“இந்த ருசிக்கு என்ன ரகசியம்?” என்று பெரியவர் கேட்டார்.

“எல்லாம் எங்க மலைக் கல்லுதான் ஐயா.” வாராவாரம் சொல்லும் பதில், தானாக வந்து விழுந்துவிட்டது. அவன் தன் தட்டைத் தொடாமலே கீழே வைத்துவிட்டான்.

வேன் போனதும் ஒரு தட்டில் இறைச்சியும் கிழங்கும் எடுத்து மூடிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனான். எர்மெலிந்தா கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். வீக்கம் வடிந்தால்தான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றாளாம் நர்ஸ்.

“அது ஆத்துக் கல்லு” என்றான் அவன். வாசலிலிருந்தே சொல்லிவிட்டான். உள்ளே வந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தான்.

“வெடிச்சப்பவே தெரிஞ்சுது.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே, எர்மெலிந்தா.”

“நான் எதுக்குச் சொல்லணும்? கல்லு பட்டதைக்கூடப் பொறுத்துக்குவேன் மச்சான். நான் கிட்டப் போனேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே... அக்காகிட்டயாவது சொல்லிட்டீங்களா?”

“இனிமேதான்” என்று அவன் உள்ளே வந்து தட்டைக் கட்டிலோரம் வைத்தான்.

“தட்டை எடுத்துட்டுப் போங்க.”

வீட்டில் நெலி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நண்பன் வீடு, பீர், ஆற்றங்கரை என்று ஒன்று விடாமல் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ரத்தம் ஒழுக உட்கார்ந்திருந்தவளைத் திட்டினேனே தெமெத்ரியோ! பக்கத்துலயே நின்னு கேட்டுட்டிருந்தியே நீ!”

அவன் தொடப்போன கையைத் தட்டிவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தங்கையிடம் கிளம்பினாள். அவன் வண்டியை எடுத்தும் அவள் ஏறவில்லை. நடந்தே போனாள்.

எர்மெலிந்தாவின் பார்வை போகவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் ஒரு மங்கல் தங்கிவிட்டது. சில வாரங்களுக்குப் பின் வேலைக்குத் திரும்பினாள். பேசினாள், கேலிகூடச் செய்தாள். ஆனால் அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால், முகத்தை முழுக்கத் திருப்பித்தான் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் தெமெத்ரியோ கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவான்.