யாருக்கும் இல்லாத பெயர்

மூன்றாவது சீட்டில் அந்தப் பெயர் இருந்தது.

முதல் சீட்டு ஒரு சாவிக்கொத்து. இரண்டாவது, கல்யாண நாள் பரிசாக இரண்டு கோப்பைகள். அவற்றில் பெயர் பொறித்து முடித்துத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, கம்பியில் குத்தியிருந்த அடுத்த சீட்டை உருவினாள். குழந்தைக் காப்பு ஒன்று, மாலை நான்கு மணிக்கு வேண்டும் என்று கடைக்கார அக்காவின் சாய்ந்த கையெழுத்து. அதற்குக் கீழே ஐந்தே எழுத்து. ஒன்றரை வருடமாக, தங்கியிருக்கும் அறைக்கு வெளியே அவள் வாயைத் திறந்து சொல்லாத பெயர்.

எந்திரத்தின் ஊசி வெறும் காற்றில் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. விசையை அணைத்தாள்.

"அக்கா, இந்தக் காப்பு யாரு சொன்னது?"

"போன்ல வந்துச்சு. யாரோ ஒரு பொண்ணு. ஏன், பேரு புரியலையா?"

"புரியுது."

"அப்ப போடு. மெஷினை ஏன் நிறுத்தின?"

அது உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயர். அப்படித்தான் அவள் கணவன் அதைச் செய்தான். தன் பெயரின் தலை, தன் அம்மா பெயரின் வால், நடுவில் அழகுக்காக ஒரே ஓர் எழுத்து. மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி லிஃப்ட் இயக்குபவரைக்கூட விடாமல் பிடித்து, "தேடிப் பாருங்க, இன்னொருத்திக்கு இந்தப் பேரு இருந்தா நான் மீசையை எடுத்துடறேன்" என்று சவால் விட்டான். அர்த்தம் கேட்ட நர்ஸிடம் ஒளி என்றான். மேலதிகாரியிடம் வெற்றி என்றான். அறையில் இருவரும் தனியாக இருக்கும்போது அவளும் கேட்டாள். சிரித்தான். "அர்த்தம் என்ன பெரிய அர்த்தம்? சாப்பாட்டு டப்பாவுல எதுக்குப் பேர் வெட்டறோம்? எவன் தூக்கிட்டுப் போனாலும் நம்மகிட்டயே வந்துடணும்ல, அதுக்குத்தான்." அவளும் அப்போது சிரித்தாள்.

ஆறு வருடம் கழித்து, கதவிடுக்கில் அவள் இடது கையை வைத்து அழுத்திய நாளில், அதையே சிரிக்காமல் சொன்னான். "நீ எங்க வேணா போ. அவளைக் கூட்டிட்டுப் போனா ஒரே நாள்ல கண்டுபிடிச்சுடுவேன். அப்புறம் அவளை நீ பாக்கவே மாட்ட." அந்தக் கையின் சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது.

மகளோடு தப்பி இந்த ஊருக்கு வந்த இரண்டாவது வாரம் இந்தக் கடையில் வேலை கிடைத்தது. வாசலில் சுழலும் தாங்கி ஒன்று. அதன் கொக்கிகளில் பெயர் பொறித்த சாவிக்கொத்துகள் வரிசை வரிசையாகத் தொங்கும். மேல் வரிசைப் பெயர்கள் வாரம் தாண்டாது. கீழ் வரிசையில் இருப்பவை துருப்பிடிக்கும். எப்போதாவது ஒரு வயதான பெண் குனிந்து பார்த்து, "அட, என் பேரும் இருக்கே!" என்று வாய் பொத்திக்கொண்டு சிரித்து வாங்கிப் போவாள்.

"பேருக்கும் துணி மாதிரிதான் சீசன்," என்று அக்கா முதல் நாளே பாடம் எடுத்தாள். "ஏதோ ஒரு வருஷம் யாரோ ஒருத்தி வைப்பா. மறு வருஷம் தெருவுக்கு நாலு. பத்து வருஷம் போனா அதைக் கேட்டாலே சிரிப்பாங்க. என் பேரு இப்ப சிரிக்கற கட்டத்துல இருக்கு. எங்க வீட்டு நாய்க்கு வெச்சாக்கூட அது திரும்பாது."

அவள் அன்று தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கொக்கி சீக்கிரம் காலியாகிறது என்று பத்து நாள் கவனித்தாள். அவர்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் காப்பாளர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு பள்ளிக்குப் போனபோது, மகளின் பெயராக அந்தக் கொக்கியின் பெயரைத்தான் சொன்னாள். எழுதிக்கொண்ட ஆசிரியை தலையில் கை வைத்தாள். "இன்னொண்ணா! ஏம்மா, ஊருல வேற பேரே இல்லையா?" அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. நிம்மதியில்.

வகுப்பில் அந்தப் பெயரில் நான்கு பேர். ஆசிரியை எண் போட்டுவிட்டார். மகள் மூன்றாவது. பிள்ளைகள் எல்லாரும் 'மூணு' என்றே கூப்பிட்டார்கள்.

விடுதி அறையில் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். மூணு படம் வரைந்துகொண்டோ ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டோ இருக்கும்போது, பின்னால் போய், அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். திரும்பினால் அவுட். ஆரம்பத்தில் மூணு தினமும் அவுட். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது கூப்பிட்டதும் திரும்பிவிட்டு, தோற்றுவிட்டோமே என்று அழுதது. இப்போதெல்லாம் தோற்பதே இல்லை. கூப்பிட்டால் கழுத்துகூட அசையாது. பென்சில் மட்டும் ஒரு நொடி நிற்கும். அதையும் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தாள்; நினைத்ததற்காக அன்று முழுக்க சாப்பாடு இறங்கவில்லை.

அவள் மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"அவங்களுக்கு எப்படிக்கா தெரியும் இந்தப் பேரு?"

"நம்ம சாம்பிளைப் பாத்துத்தான்."

"எந்த சாம்பிள்?"

அக்கா கோப்பையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, தன் கைபேசியைத் தேய்த்து நீட்டினாள். கடையின் விளம்பரப் படம். பச்சை வெல்வெட் துணிமேல் ஒரு வெள்ளித் தகடு. தகட்டில் அந்தப் பெயர். கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கிச் சுருண்டு, மறுபடி முதல் எழுத்து வரை கோடாக ஓடியது. அவள் கை. பாலாடைக் கிண்ணத்திலிருந்து பள்ளி நோட்டு வரை, மகளின் பெயரை அவள் அப்படித்தான் எழுதுவாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எழுதிக் காட்டு என்று அக்கா ஒரு கழிவுத் தகட்டைக் கொடுத்தாள். பதற்றத்தில் கை தானாக எழுதியது எது என்று எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது. குப்பைக் கூடையின் அடியில் தள்ளிவிட்டிருந்தாள்.

"கூடையைக் கொட்டும்போது பாத்தேன். இவ்ளோ அழகான எழுத்தைத் தூக்கிப் போட்டிருக்கியேன்னு எடுத்து வெச்சேன்," என்றாள் அக்கா. "போன மாசம் படம் போட்டேன். சாம்பிளுக்கு யாருக்கும் இல்லாத பேருதான் நல்லது, தெரியுமா? இருக்கற பேரைப் போட்டா, எனக்கு இதையே கொடுன்னு சண்டைக்கு வருவாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, இதையே வைக்கறேன்னு மூணு பேரு கேட்டுட்டாங்க! அர்த்தம் கேட்டா ஒளின்னு சொல்லிடறேன். எந்தப் பேருக்கும் ஒளின்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"எடுத்துடுங்கக்கா."

"எதை?"

"படத்தை. எழுத்து... கோணலா இருக்கு."

"போடி. அந்தக் கோணல்தான் அழகு." அக்கா சிரித்தவள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னடி? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

சொல்லிவிடலாம். ஆனால் அக்காவுக்கு வாயில் கதவு கிடையாது. அவளிடம் சொன்னால் அடுத்த கடைக்கு, அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்கு.

காப்பைப் பொறித்தாள். வேண்டுமென்றே வாலை வெட்டி, அச்சு எழுத்தைப்போல நிமிர்ந்து எழுதினாள். இரண்டு முறை ஊசி வழுக்கியது. வாசலில் நிழல் விழும்போதெல்லாம், பின்பக்கச் சரக்கு அறையின் தாழ்ப்பாள் எத்தனை எட்டு தூரம் என்று மனம் அளந்தது. ஏழு.

நான்கு மணிக்கு ஒரு பெண் வந்தாள். நிறைமாதம். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, படியேறவே மூச்சு வாங்கினாள். காப்பைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படத்துல இருந்த சுழி இல்லையே."

"சின்னக் காப்பும்மா, இடம் பத்தாது," என்றாள் அவள்.

"பரவால்ல. எங்க மாமியார் அவங்க பாட்டி பேரை வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. இந்தப் பேரைப் பாத்ததும் எனக்கு விட மனசில்ல. அர்த்தம் ஒளிதானேக்கா?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தப் பெண் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டே இன்னொரு முறை சொன்னாள். அவள் வாயில் அது வேறு ஏதோ பெயராக, யாரும் எதையும் வெட்டி வைக்காத பெயராக இருந்தது. மேல் வரிசையில் அதற்கும் ஒரு கொக்கி வந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று முதன்முறையாக நினைத்தாள். பத்து பேர். நூறு பேர். தெருவுக்கு நான்கு.

அந்தப் பெண் போனதும், மகளைக் கூட்டிவரப் பையை எடுத்தாள்.

"சொல்ல மறந்துட்டேன்," என்றாள் அக்கா. "நேத்து ஒரு ஆளும் போன் பண்ணான். அதே பேருதான். ஆனா ஆர்டர் கொடுக்கல. இது மெஷின் எழுத்தா, ஆளு எழுதினதான்னு கேட்டான்."

பையின் வார் அவள் தோளிலிருந்து நழுவியது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க கடைப் பொண்ணு கையெழுத்துன்னு பெருமையாச் சொன்னேன். நேர்ல வந்து பாக்கறேன்னான். கடை எங்க இருக்குன்னு கேட்டான், சொன்னேன். குழந்தைக்கான்னு கேட்டேன், ஆமான்னான். நல்லா மரியாதையாத்தான் பேசினான்."

"எப்ப வர்றேன்னான்?"

"இன்னைக்கோ நாளைக்கோ. ஏன்டி, நில்லு, சாயங்காலம் இன்னும் ரெண்டு கோப்பை இருக்கு!"

அவன் வெளியாட்களிடம் எப்போதுமே மரியாதையாகத்தான் பேசுவான்.

பள்ளி வாசலில் மூணு தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஒன்றும் இரண்டும் போய்விட்டார்களாம், நாலுக்கு இன்று பல் விழுந்ததாம். அவள் எதையும் காதில் வாங்காமல் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். விடுதிக்குப் போய்ப் பையைக் கட்ட வேண்டும். எந்த பஸ், எந்த ஊர் என்று நினைப்பு ஓடியது. தெருவில் பள்ளி விட்ட கூட்டம். ஐஸ் வண்டி மணி, ஹாரன், பிள்ளைகளைக் கூப்பிடும் அம்மாக்களின் குரல்கள்.

பின்னாலிருந்து யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அதே நேரம் ஒரு பஸ் உறுமிக்கொண்டு கடந்தது. ஆண் குரலா பெண் குரலா என்று பிடிபடவில்லை. காப்பு வாங்கியவள் தன் வயிற்றோடு பேசிக்கொண்டு போகிறாளா? கேட்ட மூன்று பேரில் ஒருத்தி, ஏற்கெனவே நடக்கிற பிள்ளைக்கே வைத்துவிட்டாளா? மறுபடி கேட்டது. இம்முறை பக்கத்தில்.

அவள் உள்ளங்கைக்குள் சின்ன விரல்கள் ஐந்தும் இறுகின. கழுத்து அசையவில்லை. நேராகப் பார்த்து நடந்தபடியே மூணு கிசுகிசுத்தது.

"அம்மா, நான் திரும்பலை."

"திரும்பாதே," என்றாள். தானும் திரும்பவில்லை.

எதிரே, தெரு வளையும் இடத்தில் ஒரு கண்ணாடிக் கடை. ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை வாசலில் சாய்த்துவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதைக்கு அதில் வானம் மட்டும் தெரிந்தது. இன்னும் நான்கு எட்டு வைத்தால் அவளும் மகளும் அதற்குள் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரு முழுதும் வரும்.

மூன்று.

இரண்டு.