வெளியூர் மழைக்கு வாரண்டி இல்லை

அருப்புக்கோட்டையில் மங்கையர்க்கரசியின் வீட்டு மேற்குச் சுவர் வால்பாறை மழைக்கு ஒழுகியது. உள்ளூரில் ஐந்து மாதமாகத் துளி விழவில்லை. படுக்கையறையிலோ தினமும் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஆறு மணிவரை சீராகப் பெய்தது. வால்பாறை மழைதான் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. தண்ணீரோடு தேயிலைக் கொழுந்து வந்தது, வாரத்துக்கு ஓர் அட்டைப்பூச்சி வந்தது, ஒருமுறை வால்பாறையிலிருந்து சோலையாறு போகும் பேருந்தின் பயணச்சீட்டும் வந்தது. எல்லாவற்றையும் தேதியிட்டுப் பிளாஸ்டிக் உறைகளில் பத்திரப்படுத்தினாள். அட்டைப்பூச்சிகளின் உறைகளில் மட்டும் காற்றுக்குத் துளையிட்டாள்.

அவள் கணவர் சிவஞானத்துக்கு மூச்சிரைப்பு. காயாத சுவரருகே இன்னும் ஒரு மாதம் படுத்திருந்தால் நுரையீரல் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரே படுக்கையறை. சுவரின் வெளிப்புறத்தில் பதித்த பலகைகளுக்குப் பத்தாண்டு வாரண்டி உண்டு. அது முடியவும் சரியாக ஒரு மாதம் இருந்தது.

பலகை நிறுவனத்தின் பொறியாளர் தினகரன் வந்து சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"ஷீட்டுல குறையில்லன்னு சொல்ல மாட்டேன் மேடம். ஆனா பத்திரத்துல என்ன போட்டிருக்கு? பொருத்தப்பட்ட முகவரியில பெய்யிற மழைக்கு மட்டும்னு போட்டிருக்கு. இது வெளியூர் மழை."

"நனையிறவரு உள்ளூருதான, தம்பி?"

"சாருக்கு வாரண்டி கிடையாது மேடம். சுவத்துக்குத்தான்."

"கல்யாணத்தப்பவே கேட்டு வாங்கியிருக்கணும் மங்கை" என்றார் சிவஞானம், கட்டிலில் குடைக்குள் படுத்தபடி.

வழக்கறிஞர் எபனேசர் உறைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இருக்கும் வழிகளைச் சொன்னார். முதலில் நோட்டீஸ் அனுப்பலாம். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பலகையைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லலாம்.

"ஜெயிச்சிரலாம்க்கா. ஆனா வாய்தா, ஆய்வறிக்கை, மறுபடி வாய்தான்னு வருசக்கணக்கா இழுக்கும்."

"அதுவரைக்கும் அவரு இழுக்க மாட்டாரு தம்பி."

எபனேசர் பத்திரத்தை மறுபடி படித்தார். பொருத்தப்பட்ட முகவரி என்றுதான் இருந்ததே தவிர, அந்த முகவரி மாறக் கூடாது என்று எங்கும் இல்லை.

"மழையை இந்த ஊரு மழைன்னு நிரூபிக்கிறது கஷ்டம். முகவரியை அங்க கொண்டு போயிருங்க."

மறுநாளே மங்கையர்க்கரசி வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு வால்பாறைக்குப் பேருந்து ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் முன்னிருக்கைக்காரர் வாந்தி எடுத்தார். அவள் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் விண்ணப்பத்தை இருமுறை வாசித்தார்.

"வீடும் வருதாங்க?"

"இல்லைங்க. முகவரி மட்டும்."

"அப்ப இடம் ரொம்ப வேண்டியதில்ல" என்று, தேயிலைச் சரிவில் பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே 14-அ என்று ஓர் எண்ணைக் கொடுத்தார். இரண்டு எண்களும் சற்று நகர்ந்து இடம் கொடுத்தன.

மழை இப்போது முகவரிக்கு உரிய மழையாகிவிட்டதால் நிறுவனம் தகராறு செய்யவில்லை. வாரண்டி முடிவதற்கு நான்கு நாள் முன்னதாக ஆட்களை அனுப்பியது. அவர்கள் முகவரி பார்த்து வால்பாறைக்குப் போனார்கள். 14-அ இடத்தில் தேயிலைச் செடிகள் மட்டும் இருந்தன. செடிகளுக்கிடையே மேற்கு பார்த்து, பன்னிரண்டடிக்குப் பத்தடி, புதிய பலகைகளை நிறுத்தினார்கள். இணைப்புகளுக்குப் பசை அடைத்தார்கள். பிறகு தினகரன் தொலைபேசியில் அழைத்தார்.

"முடிஞ்சிருச்சு மேடம். மணி ரெண்டாகப் போகுது, பாத்துச் சொல்லுங்க."

மங்கையர்க்கரசி படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு அடித்தது. இரண்டரை ஆனது. சுவர் காய்ந்தே இருந்தது. வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாகக் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைத் தினகரனிடம் சொன்னாள். புதிய பலகைகளுக்குப் புதிதாகப் பத்தாண்டு வாரண்டி தபாலில் வந்தது. அவள் அதைக் கடைசி வரிவரை படித்தாள். வார முடிவில் சிவஞானத்தின் நெஞ்சில் விசில் நின்றது. சோற்றுக்கு ரசம் போதாது என்று குறை சொல்லத் தொடங்கினார்.

பத்தாம் நாள் மதியம் மேற்குச் சுவரை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். மங்கையர்க்கரசி காதை வைத்தாள். அந்தப் பக்கம் நல்ல மழை.

"வீட்டுக்காரம்மா, கொழுந்து பறிக்க வந்தவங்க" என்றது ஒரு பெண்குரல். "சாக்கெல்லாம் நனைஞ்சுபோச்சு. உங்க சுவத்துல மாட்டிக்கிடட்டுமா?"

"எத்தனை பேரும்மா?"

"பதினோரு பேருங்க."

"மாட்டிக்கோங்க. ஆணி மட்டும் அடிச்சிராதீங்க, வாரண்டி போயிரும்" என்றாள் மங்கையர்க்கரசி. பிறகு, பதினோரு பேருக்கும் டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள்.