பால்கனி ஜாடி

பெரியவள் சமைக்கும்போது கரண்டியை வாயில் வைத்துப் பார்க்கவே மாட்டாள். உப்போ புளியோ காரமோ, அவளுக்கு மூக்குதான் தீர்ப்பு சொல்லும். கொதிக்கிற குழம்பின் ஆவியை உள்ளங்கையால் தன் பக்கம் ஒரு வீசு வீசிக்கொள்வாள், "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பாள். உப்பு எப்படி மணக்கும் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் எல்லாம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அவள் கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருடத்தில் அந்த நாலாம் மாடி வீட்டில் ஒருநாள்கூடச் சாப்பாடு பிசகியதில்லை.

அந்த வீட்டுக்குத்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள். பெரியவளின் கொழுந்தன் கப்பலில் இஞ்சினியர். தாய்லாந்துத் துறைமுகம் ஒன்றில் பல்வலிக்கு மாத்திரை வாங்கப் போனவன், மாத்திரை எடுத்துக்கொடுத்த பெண்ணையே கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வந்த இரண்டாம் மாதமே மறுபடி கப்பலேறிப் போய்விட்டான். ஓர்ப்படிகள் இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் மாட்டிக்கொண்டார்கள்.

சின்னவள் கெட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன் அவனோடு இரண்டு வருடம் போனிலேயே பேசிக் கற்ற தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சமையலில் பெரியவளுக்கு நேர் எதிர். ஒரு குழம்பு இறங்குவதற்குள் பதினைந்து ஸ்பூன் ருசி பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி யோசித்து, ஒரு சொட்டு புளிப்பு, ஒரு சிட்டிகை இனிப்பு என்று சேர்த்துக்கொண்டே இருப்பாள். பெரியவள் மல்லியையும் சீரகத்தையும் வாணலியில் வெறுமனே வறுத்துப் பொடிப்பாள் என்றால், சின்னவள் அதே மல்லியையும் சீரகத்தையும் பச்சை மிளகாய், எலுமிச்சைப் புல், சித்தரத்தை எல்லாவற்றோடும் கல்லுரலில் போட்டு இடித்து ஈர விழுதாக்குவாள்.

"சித்தரத்தை இருமலுக்குப் போடறதுடி! குழம்புல யாராவது போடுவாங்களா?"

"எங்க வீட்ல யாருக்கும் இருமலே வராது அக்கா" என்றாள் சின்னவள், சிரிக்காமல்.

பெரியவள் குப்பையில் போட்ட கொத்தமல்லி வேரைச் சின்னவள் எடுத்து அலம்பி வைத்துக்கொண்டதில் ஒரு சண்டை. சாப்பாட்டில் கிடந்த எலுமிச்சை இலையை விருந்தாளி கடித்துத் துப்பியதில் இன்னொரு சண்டை. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சண்டை, ஒரு கண்ணாடி ஜாடியால் வந்தது. உள்ளே இறால் விழுது. புளிக்க வைத்து, கெட்டியாகி, கரும்பழுப்பாக இருந்த அதை முதன்முதலில் திறந்த அன்று பெரியவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டாள்.

"மீன் சாப்பிடற வீடுதான், இல்லேங்கல. அதுக்காக இப்படியா? இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்."

முடிவில் இருவருமே இருந்தார்கள். ஜாடி மட்டும் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் கட்டப்பட்டு, பால்கனியில் தரை துடைக்கிற மாப்புக்குப் பக்கத்தில் குடியேறியது. அதை அடுப்பில் சுட வேண்டுமென்றால் பெரியவள் வேலைக்குப் போன பிறகு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துத்தான் சுட வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

பெரியவளுக்குப் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. ஒருநாள் வாயைத் திறக்கவே பயந்த ஒரு ஆள், ரசீது வாங்கும்போது அவள் முகத்துக்கு நேரே நன்றாக வாயைத் திறந்து தும்மிவிட்டுப் போனார். அன்று பிடித்த சளி ஒரு வாரம் ஆட்டிப் படைத்தது. சளி போயிற்று. போகும்போது மூக்கின் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

முதல் நாள் காபித் தூள் டப்பாவைத் திறந்தாள். ஒன்றுமில்லை. பெருங்காய டப்பா. ஒன்றுமில்லை. ஏலக்காயை நசுக்கி மூக்குக்குள்ளேயே திணித்துப் பார்த்தாள். தும்மல்தான் வந்தது. சாப்பாடு தவிட்டைத் தின்பது போல இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? 'இனிமே அடுப்படியைச் சின்ன அண்ணிகிட்ட விட்டுட்டு நீங்க ரெஸ்ட் எடுங்க' என்று நாத்தனார் ஏற்கெனவே இரண்டு தடவை பேச்சுவாக்கில் சொல்லியாயிற்று. விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் பெரியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. குழந்தை குட்டி இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்த ராஜ்ஜியம் அந்த எட்டுக்குப் பத்து அடுப்படிதான். அதையும் விட்டுக்கொடுத்தால் பிறகு அவள் யார்?

ஆகவே காதாலும் கண்ணாலும் சமைத்தாள். கடுகு வெடித்து ஓய்கிற சத்தத்தைக் கேட்டு உளுந்து போட்டாள். வெந்தயம் எந்தச் சிவப்பில் கசக்கும் என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பழக்கம் விடாமல் உள்ளங்கையால் ஆவியையும் வீசிக்கொண்டாள், நாடகத்துக்கு. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், தட்டில் உப்பு இருந்தால் போதும் அவருக்கு, ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஐந்து வாரம் ஓடிவிட்டது. பரவாயில்லையே, சமாளித்துவிட்டோமே என்றுகூட நினைத்தாள் பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் வந்தாள். ஊர் லிஃப்டை எல்லாம் பழுது பார்க்கிற அண்ணன் குடியிருக்கிற கட்டிடத்தில் லிஃப்ட் ஓடாது என்பதால், நாலு மாடி ஏறி மூச்சிரைத்து, திட்டிக்கொண்டே வந்தாள். "அண்ணி, பசி உயிர் போகுது. தோசை ஊத்துங்க."

மாவு தயார். பச்சைச் சட்னி முந்தின நாள் சாயங்காலமே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்தது. பெரியவள் இரண்டாம் தட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள், திறந்தாள். பச்சையாக, பளபளவென்று இருந்தது. கிண்ணத்தில் கொட்டினாள். எண்ணெய் காய்ச்சி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து மேலே ஊற்றினாள். சொய்ங் என்று அழகாகச் சத்தம் கேட்டது.

சட்னி இருந்த டப்பா மூன்றாம் தட்டில் இருந்தது. இது சின்னவள் மத்தியானக் கறிக்காக இடித்து வைத்திருந்த விழுது. நாற்பது பச்சை மிளகாய், பூண்டு, எலுமிச்சைப் புல், சித்தரத்தை, அந்த இறால் விழுது, எல்லாம் பச்சையாக. மூக்குள்ள யாராக இருந்தாலும் டப்பாவைத் திறந்ததுமே தெரிந்திருக்கும்.

நாத்தனார் தோசையைப் பெரிய துண்டாகப் பிய்த்து, சட்னியில் புரட்டி, வாயில் போட்டாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் முகம் காதிலிருந்து தொடங்கிச் சிவந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"அம்மா... அண்ணி... என்னது இது? ஏதோ நார் நாரா... கருவாடா?" தண்ணீர் ஜக்கைப் பார்த்துக் கை நீட்டினாள். அதற்குள் ஜக் அவள் அண்ணன் வாயில் இருந்தது.

பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. கிண்ணத்தைப் பார்த்தாள், ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிட்டது, மானம் போயிற்று என்று நின்றாள்.

"நான்தான் வெச்சேன்" என்ற குரல் வந்தது. சின்னவள் கையில் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். "எங்க ஊர் சட்னி. நான்தான் அக்காகிட்ட தாளிச்சுத் தரச் சொன்னேன்."

"இதையா காலைல சாப்பிடுவீங்க?"

"தினமும்." அப்படிச் சொல்லிவிட்டு, நம்ப வைக்க வேண்டுமே என்று ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் ஊரில் எந்தப் பைத்தியமும் அதைப் பச்சையாகத் தின்னாது. கண் இரண்டும் குளமாக, சிரித்துக்கொண்டே விழுங்கினாள். "நல்லா இருக்கு."

"உங்க ஊர்க்காரங்க பாவம் சின்ன அண்ணி" என்றாள் நாத்தனார் மனப்பூர்வமாக, சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டு.

நாத்தனார் கிளம்பிப் போனதும் பெரியவள் அடுப்படிக் கதவைச் சாத்தினாள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவள் சுபாவம் அப்படி.

"எதுக்குடி பொய் சொன்ன? உன்கிட்ட நான் கேட்டேனா?"

சின்னவள் இன்னும் வாயில் ஐஸ் கட்டியைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு வாசனை தெரியல அக்கா. எனக்குத் தெரியும்."

"எப்போலேருந்து?"

"ரசத்துல ரெண்டு தடவ பெருங்காயம் போட்டீங்க, அன்னைலேருந்து. நீங்க குளிக்கப் போனப்ப பாதி ரசத்தக் கொட்டிட்டு, வெந்நீரும் புளியும் ஊத்தி சரி பண்ணேன். வெந்தயம் கருகின அன்னைக்கு வெல்லம் போட்டேன். பால் அடிப்பிடிச்ச அன்னைக்கு வேற பாத்திரத்துக்கு மாத்தினேன்." ஐஸ் கட்டியை மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "தினமும் நீங்க சமைச்சு முடிச்சதும் கேஸ் மூடியிருக்கான்னு பாக்கறேன். அது வாசனை வந்தா உங்களுக்குத் தெரியாதே. அதுதான் எனக்கு பயம்."

கேஸ் பற்றி அவள் நினைத்தே பார்க்கவில்லை. பெரியவள் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அந்த அடுப்படியில் அவள் வெங்காயத்துக்கு மட்டும்தான் அழுதிருக்கிறாள். இப்போது ஓவென்று அழுதாள்.

"எனக்கு இனிமே வரவே வராதா? என்னால சமைக்கவே முடியாதா? சொல்லுடி, மருந்துக்கடைக்காரிதானே நீ?"

"தெரியல அக்கா. நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்."

காது மூக்கு தொண்டை டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் அதிகமாக ஃபீஸ் வாங்கிக்கொண்டு. வரலாம், வராமலும் போகலாம். தினமும் இரண்டு வேளை தெரிந்த வாசனைகளாக நாலைந்து முகர்ந்து பாருங்கள், மூக்குக்கும் பயிற்சி வேண்டும் என்றார்.

மறுநாளிலிருந்து பயிற்சி தொடங்கியது. காலையில் ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் சின்னவள் நாலு சின்னப் பாட்டிலோடு வந்து நிற்பாள். கிராம்பு, ஏலக்காய், நசுக்கின எலுமிச்சை இலை, நறுக்கின சித்தரத்தை. "கண்ண மூடுங்க. இது என்ன?"

"காத்து."

"இது?"

"இன்னும் கொஞ்சம் காத்து."

சமையலும் மாறியது. பெரியவள் தாளிப்பாள், சின்னவள் பக்கத்தில் நின்று மூக்காக இருப்பாள். "இப்ப மல்லி வறுபட்டுச்சு அக்கா, இறக்குங்க." சின்னவளுக்குக் கடுகின் சத்தத்தில் எப்போது உளுந்து போடுவது என்று இன்னும் பிடிபடவில்லை, அதற்குப் பெரியவள் காதாக இருந்தாள். தேங்காய்ப் பால் கெட்டியாகி எண்ணெய் பிரிகிற நேரத்தில்தான் பச்சை விழுதைப் போட வேண்டும் என்று பெரியவள் பார்த்து வைத்துக்கொண்டாள். நம் குருமாவில் எண்ணெய் பிரிகிற அதே பதம்தானே, இதற்கா இவ்வளவு சண்டை போட்டோம் என்று தோன்றியது. சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் எப்படி?

ஒரு மாதம் போயிற்று. காற்றுதான். இரண்டாம் மாதமும் பாதி போயிற்று. பெரியவள் பாட்டிலை முகர்வதற்கே சலித்துக்கொண்டாள். "விடுடி. போனது போனதுதான்." சின்னவள் விடவில்லை. ஆறு மணி அடித்தால் பாட்டிலோடு வந்து நின்றாள்.

அன்று மத்தியானம் பலத்த மழை. கிளினிக்கில் கரண்ட் போய், டாக்டர் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெரியவள் நனைந்த புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடித் திருப்பத்தில் என்னவோ முகத்தில் அறைந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மீதிப் படிகளை ஓட்டமாக ஏறி, கதவைத் தள்ளினாள்.

"அடியே, லிஃப்ட் குழியில எலி செத்துக் கிடக்கு! உங்க மாமாவுக்கு ஃபோன் போடு. ஊர் லிஃப்டெல்லாம் பாக்கறாரு, சொந்த வீட்டு லிஃப்ட்ல என்ன கிடக்குன்னு பாக்க மாட்டாரா? குடலப் புரட்டுது!"

சின்னவள் அடுப்பின் முன்னால் விறைத்து நின்றாள். வாணலியில் இறால் விழுது வறுபட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து மேடையில் ஜாடி, மூடி திறந்து. மழைச்சாரலில் பால்கனி நனைந்ததால் உள்ளே எடுத்து வந்திருந்தாள், ஜன்னல்களையும் மூடியிருந்தாள். ஒப்பந்தத்தை மீறியதற்குத் திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"அக்கா. இப்ப என்ன சொன்னீங்க?"

"எலி செத்து..." பெரியவள் நின்றாள். முந்தானையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அதை மெதுவாக இறக்கினாள்.

மூச்சை இழுத்தாள். ஐயோ, என்ன நாற்றம்! மேடைக்குப் போய் ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி, மூக்கை அதன் வாய்க்குள்ளேயே விட்டாள்.

"நாறுதுடி" என்றாள். "சகிக்கலடி. எவ்வளவு நாறுது பாரு!"

சின்னவள் கரண்டியோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சிரித்தார்களா அழுதார்களா என்று அவர்களுக்கே தெரியவில்லை. வாணலியில் விழுது கருக ஆரம்பித்தது. அதை முதலில் கண்டுபிடித்தவள் பெரியவள்தான்.

"கருகுது, அடுப்ப அணை!"

அடுப்பை அணைத்த கையோடு சின்னவள் ஜாடியை மூடி, மூன்று பையையும் தேடி எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் திரும்பினாள்.

"அத எங்கடி எடுத்துட்டுப் போற?" என்றாள் பெரியவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னைக்கு ஒருநாள் இங்கயே இருக்கட்டும்."