வியாழக்கிழமைப் பரிசு

பல்செட்காரன் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நிமிடம் தயங்கி நிற்பார்கள். தயங்காமல் என்ன செய்வார்கள்? முன்னறைச் சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதில் வரிசை வரிசையாக வாய்கள். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவன் அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஆளுடைய ஈறையும் மிச்சமிருக்கும் பல்லையும் வெள்ளை வெளேரென்று எடுத்து, அதன்மேல் மெழுகு வைத்துப் புதுப் பல் கட்டுவான். வேலை முடிந்த பிறகும் அந்தப் பிளாஸ்டர் வாயைத் தூக்கிப் போடமாட்டான். செட் கை தவறி உடைந்தால் மறுபடி வேண்டுமே. இப்படிப் பதினெட்டு வருடத்து வாய்கள் சேர்ந்து கிடந்தன, அதில் பாதிக்கு மேல் செத்துப்போனவர்களுடையவை. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை அந்தப் படியேறி வந்தது. வாய்களைப் பார்த்துவிட்டு இரண்டு தடவையும் வந்த வழியே இறங்கிப் போயிற்று. அதனால் நாற்பது வயதிலும் வீட்டில் அவனும் அம்மாவும் மட்டும்தான்.

அம்மாவுக்கு இடது கண் போய் இரண்டு வருடம் ஆகிறது. வலது கண்ணுக்கு இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் பூசிமெழுகாமல் சொல்லிவிட்டார். அதற்கான பணம் அம்மா பேரில் பேங்கில் இருந்தது. முன்பணம் கட்டலாம் என்று அவன் எடுக்கப் போனபோதுதான், ஐந்து வாரமாக வாராவாரம் அதிலிருந்து ஒரு தொகை யாருக்கோ போயிருப்பது தெரிந்தது. பாதிப் பணம் காணோம். வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போயிற்று பணம் என்று கேட்டான். பரிசு விழுந்திருக்கிறது என்றாள். ஒரு காரும் அதோடு ரொக்கமுமாம். முதலில் பதிவுக் கட்டணம் கேட்டார்களாம், பிறகு வரி, பிறகு இன்சூரன்ஸ், இன்னும் ஏதேதோ. தெருமுனைக் கடைக்காரர்தான் போன் வழியாக அனுப்பித் தந்திருக்கிறார். இதையெல்லாம் அவள் ஏதோ பால்கணக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். காரை வைத்து என்ன செய்வாய், ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டப்போகிறாயா என்று அவன் கத்தினான்.

கத்தி முடித்ததும் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொன்னான். நீ சீட்டு வாங்கினாயா? ஏதாவது போட்டிக்கு எழுதிப் போட்டாயா? இல்லை. அப்புறம் பரிசு எப்படி விழும்? பரிசு கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்பானா? இன்றைக்கே கட்டு, இல்லாவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும் என்று அவசரப்படுத்துகிறவன் யோக்கியனா? வீட்டில் யாரிடமும் மூச்சுவிடாதே என்று சொல்கிறானே, அந்த ஒரு வார்த்தை போதாதா? அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றிரண்டை அவன் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லி முடித்தாள்.

"இவ்வளவும் தெரிஞ்சிருந்துமா பணம் அனுப்பினே?"

அம்மா ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். வயதாகிவிட்டால் புத்தி இப்படித்தான் நழுவும் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். நினைத்தது மகா தப்பு. அந்த வீட்டில் அன்றைக்குத் தெளிவாக இருந்தது அவள் ஒருத்திதான்.

அவர்கள் வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் அவளிடமிருந்து கறந்தான். மறுநாளே வியாழக்கிழமை. பக்கத்திலேயே இருந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டான். பத்தரை மணிக்கே அம்மா தலை வாரி, வேறு புடவை மாற்றிக்கொண்டு, போனை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவன் மேஜையில் ஒரு கிழவருடைய கீழ்வரிசைக்கு மெழுகு செதுக்கிக்கொண்டிருந்தான். வெயில் நேரம்தான், தெருவில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அறை என்னவோபோல் இருந்தது. பலகையில் இருந்த வாய்களெல்லாம் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுக் காத்திருக்கிற மாதிரி அவனுக்குத் தோன்றியது.

போன் அடித்தது. எடுப்பதற்கு முன் அம்மா ஒரு காரியம் செய்தாள். வாயில் கைவிட்டு மேல்செட், கீழ்செட் இரண்டையும் கழற்றி, பக்கத்திலிருந்த டம்ளர் தண்ணீரில் போட்டாள். கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், கண்ணெதிரே அவள் வேறு யாரோ ஒரு கிழவி ஆகிவிட்டாள். அவன் என்ன என்று கேட்க வாயெடுத்தான், அவள் கையை உயர்த்தி அடக்கிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வணக்கம்மா. சாப்டீங்களா? உங்க பரிசு விஷயமாத்தான் பேசுறேன்."

அவன் கையிலிருந்த கத்தி மெழுகில் ஆழமாக இறங்கிவிட்டது.

அந்தக் குரலில் 'பரிசு' என்று வரும்போது கடைசியில் மெல்லிசாக ஒரு சீழ்க்கை சேர்ந்து வந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் போன் லைன் சரியில்லை என்று விட்டிருப்பார்கள். அவனுக்குத் தெரியும், அது முன்பல் இரண்டும் வைக்க வேண்டிய இடத்துக்கு மயிரிழை முன்னால் வைக்கப்பட்டதால் வருகிற காற்று. வைத்தவன் அவனேதான். தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் முதன்முதலாக ஒரு மனித வாய்க்கென்று அவன் செய்த பல் அது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்த அண்ணனுக்குச் செய்தது. பிரித்துச் சரிபண்ணித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கெஞ்சியும் அண்ணன் கேட்கவில்லை. விசிலடிக்கக் கத்துக்காமலே விசில் வந்துடுச்சு, அதையும் பிடுங்கப் பார்க்கிறியா என்று சிரிப்பான்.

அந்த அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம். அப்பா படுக்கையில் கிடந்தபோது மருந்துக்கு வைத்திருந்த பணத்தைச் சீட்டாடித் தொலைத்துவிட்டு வந்து நின்றான். இனி இந்தப் படி ஏறாதே என்று வாசலை மறித்துக்கொண்டு சொன்னது சின்னவன்தான். அண்ணன் ஏறவில்லை. அப்பா போன அன்றைக்கும் ஏறவில்லை. உயிரோடு இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது, வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதும் இல்லை.

போனில் அண்ணன் கடகடவென்று பேசிக்கொண்டே போனான். கார் புறப்படத் தயாராக நிற்கிறதாம். கடைசியாக ஒரே ஒரு கட்டணம், அடுத்த வியாழனுக்குள் கட்டிவிட்டால் போதுமாம். அவன் சொன்ன தொகை, பேங்கில் மிச்சமிருந்ததைக் கிட்டத்தட்டத் துடைத்துவிடும். அம்மா பொக்கைவாயால் கொழகொழவென்று சரிங்க, சரிங்க என்றாள். இருமல் எப்படி இருக்கு என்று நடுவில் கேட்டாள். பரவால்லம்மா என்றான் அண்ணன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க உட்கார்ந்தவன் மெழுகில் இறங்கிய கத்தியைக்கூட எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

பேச்சு முடிந்ததும் அம்மா பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் பழைய முகத்தோடு அவனைப் பார்த்தாள்.

"முதல் தடவ கூப்பிட்டப்போ பல்லு கழட்டி வச்சிருந்தேன். அதனால அவனுக்கு என்னைத் தெரியல. எனக்கு ரெண்டு வார்த்தையில தெரிஞ்சுபோச்சு. பேரு கேட்டான், வாய்க்கு வந்த பேரைச் சொன்னேன்."

"நான்தான்டா உங்கம்மான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வச்சிடுவான். அப்புறம் கூப்பிடவே மாட்டான்."

"அம்மா, அவன் திருடிக்கிட்டிருக்கான்."

"தெரியும். என்கிட்டதானே திருடுறான்."

உன்கிட்ட மட்டுமா திருடுகிறான், ஊரில் எத்தனை கிழவிகளிடம் இதே பாட்டைப் பாடுகிறானோ என்று அவன் சொன்னான். அம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் பிடியை விடவில்லை. மற்றவர்களை ஏமாற்றுவதற்குப் போகிற நேரத்தில் கொஞ்சத்தை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். வாரத்துக்குப் பத்து நிமிடம் அம்மா அம்மா என்று கூப்பிடுகிறான், சாப்பிட்டாயா என்று கேட்கிறான். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவான் என்று தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன் என்றாள். கண் போய்விடுமே என்றான் அவன். காது இருக்கே என்றாள்.

அந்த ஒரு வாரம் அவனுக்கு வேலை ஓடவில்லை. மேல்தட்டில் மூலையில் கிடந்த அண்ணனுடைய பிளாஸ்டர் வாயை எடுத்துத் தூசி தட்டி மேஜையில் வைத்தான். இரண்டு முன்பல் இல்லாத வெள்ளை வாய். வேலை செய்யும்போது அது தன்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருப்பது போலிருந்தது. எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினான், பூட்டிய பிறகும் அப்படித்தான் இருந்தது. அண்ணனிடம் உண்மையைச் சொல்லாமல் விட்டால் அம்மாவுக்குக் கண் போகும். சொன்னால் அண்ணன் போவான், இரண்டாவது முறையும் தன் வாயாலேயே. பேங்கில் சொல்லிக் கணக்கை முடக்கிவிடலாம், ஆனால் பணம் வராவிட்டாலும் அண்ணன் கூப்பிடுவதை நிறுத்திவிடுவான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அம்மாவிடமிருந்து ஏதோ ஒன்றைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை அம்மா பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டாள். போன் அடித்தது. அவள் கைக்கு முன்னால் அவன் கை போயிற்று.

"வணக்கம்மா. சாப்டீங்களா?"

"அண்ணே, நான்தான்."

மறுமுனையில், அண்ணனுக்குப் பின்னால், அந்த அறையில் வேறு யார் யாரோ வேறு யார் யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. ஒரு பெண் குரல், உங்களுக்குத்தான் சார் விழுந்திருக்கு என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது. அண்ணன் வைக்கவில்லை.

"இத்தனை வாரமா நீ பேசினது நம்ம அம்மாகிட்ட. அவங்களுக்கு அப்பவே தெரியும். நீ வாங்கினது கண் ஆபரேஷனுக்கு வச்சிருந்த பணம்."

அம்மா டம்ளருக்குள் கைவிட்டுத் துழாவினாள். அவசரத்தில் மேல்செட் வழுக்கிக்கொண்டே இருந்தது. இருந்த ஒரு கண்ணும் சரியாகத் தெரியாமல், தண்ணீரெல்லாம் மடியில் கொட்ட, சொந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று அவள் படுகிற பாட்டை அவனால் பார்க்க முடியவில்லை. அண்ணே, வச்சிடாதே, ஒரு நிமிஷம் இரு என்று அவன் கெஞ்சினான்.

அண்ணன் யாரோ முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

"பரிசுன்னு எதுவும் இல்லைங்க. அந்தப் பணத்தைக் கட்டாதீங்க. இனிமே யாராச்சும் இப்படிப் பேசினா, பேச்சே குடுக்காம உடனே வச்சிடுங்க. அம்மாகிட்டயும் சொல்லிடுங்க."

லைன் அறுந்தது. அம்மா பல்லை மாட்டி முடித்திருந்தாள். "பெரியவனே" என்று செத்துப்போன போனைப் பார்த்துத் தெளிவாகக் கூப்பிட்டாள்.

அந்த எண்ணுக்கு அவன் அன்றைக்கே நாற்பது தடவை அடித்துப் பார்த்தான். உபயோகத்தில் இல்லை என்று வந்தது. போலீசிலும் போய் எழுதிக் கொடுத்தான், எழுதும்போது குரல் அடையாளம் என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, தெரியாது என்று எழுதினான். கடன் வாங்கி ஆபரேஷன் நடந்தது. அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அவனைத் திட்டவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு தடவை பணம் கட்டியவர்களின் எண் கைமாறிக் கைமாறிப் போகும் என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. இப்போது வாரத்துக்கு நாலைந்து பேர் கூப்பிடுகிறார்கள். கார், தங்கக் காசு, வெளிநாட்டுப் பயணம், ஏற்கெனவே ஏமாந்த பணத்தை வாங்கித் தருகிறேன் என்றுகூட ஒருத்தன். எண்ணை மாற்றிவிடலாம் என்று அவன் மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். மாற்றினால் நான் சாப்பிட மாட்டேன் என்றாள் அம்மா. ஒவ்வொரு அழைப்பையும் அவளே எடுக்கிறாள், பல்லை மாட்டிக்கொண்டுதான். அவர்கள் பரிசு என்று சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறாள், சொன்னதும் வைத்துவிடுகிறாள். அவளிடமிருந்து ஒரு சல்லிக் காசு இனி எவனாலும் பெயர்க்க முடியாது.

போன திங்கட்கிழமை போனை வீட்டில் மறந்துவிட்டுக் கண் டாக்டரிடம் போய்விட்டாள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டாள்.

"ஒருத்தன் கூப்பிட்டான்மா. வீடு விழுந்திருக்காம்."

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

"உடனே வச்சிட்டியா?"

அவன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மெழுகைச் செதுக்கிக்கொண்டே சொன்னான்.

"இல்லம்மா. விசில் வருதான்னு முழுசாக் கேட்டேன்."