ஒன்பது என்று எழுதிய சக்கரம்

நாற்பத்தைந்தில் மறுபடியும் வந்தது.

அஜந்தன் கம்பியைத் தரையில் வைத்தான். உடனே நிமிரவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளில் ஊன்றிக் குனிந்தபடியே நின்று, இடுப்புக்குக் கீழே வலது பக்கத்தில் கிளம்பிப் பின்தொடை வழியாக இறங்கும் அந்தச் சூடு எவ்வளவு தூரம் போகிறது என்று கவனித்தான். முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. போன வருஷம் கணுக்கால் வரைக்கும் போனது. தலைக்கு மேல் உத்தரத்தில் தொட்டில் கட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக்காம்பரா அது. மேட்டில் புதிதாக ஒன்று கட்டியபிறகு இதில் ஓட்டைச் சாக்குகளைப் போட்டு வைத்திருந்தார்கள். சாக்குகளை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டுத்தான் அஜந்தன் ஆறு வருஷமாக இங்கே இரும்பு தூக்குகிறான்.

மத்தியானக் கொழுந்து நிறுவை முடிந்து வந்த அவன் மனைவி குமாரி, வெறும் கொழுந்துச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கிருஷ்ணகுமாரி என்பது பதிவில் உள்ள பெயர்.

"வந்துருச்சா?"

"ம்."

"எம்புட்டு?"

"நாப்பத்தஞ்சு."

"நான் அதக் கேக்கல. எம்புட்டு வலிக்குதுன்னு கேட்டேன்."

அவள் உள்ளே வந்து, கம்பியைத் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த அவனுடைய சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

இரும்பெல்லாம் தேயிலை பதப்படுத்தும் தோட்டத்து ஸ்டோரில் கழற்றிப்போட்ட பழைய ரோலர் மெஷினுடையது. கம்பி அதன் அச்சு, சக்கரங்கள் அதன் பல்சக்கரங்கள். பழைய இரும்பில் எடுத்துக்கொள்ளக் கேட்டபோது தொரையிடம் பேசி வாங்கிக் கொடுத்தவர் கணக்கப்பிள்ளை மூக்கையா, குமாரிக்குத் தாய்மாமன். அத்தோடு விடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்து மடுவத்தைத் திறந்து, கொழுந்து நிறுக்கும் தராசில் ஒவ்வொரு சக்கரத்தையும் தானே தொங்கவிட்டு நிறுத்தார். "பயில்வானுக்குக் கணக்கு சுத்தமா இருக்கணும்ல," என்று வெள்ளைப் பெயின்டும் அவரே கொண்டுவந்தார். நாலரை, ஒன்பது, பதிமூன்றரை. கம்பி பதினெட்டு. எண்களை அவர் கைப்படவே எழுதினார். அவர் எழுத்து அழகு.

அந்த எண்களைக் கூட்டிக் கூட்டித்தான் அஜந்தன் தொண்ணூறு வரைக்கும் வந்தான். தொண்ணூறைத் தலைக்கு மேல் நிறுத்திய அன்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். இரத்தினபுரி மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும் விளையாட்டு அதிகாரி, "உன் உடம்பு நிறைக்கு நூறு வேண்டும். நூறு தூக்கிவிட்டு வா, பெயர் எழுதுகிறேன்," என்றிருந்தார். அந்த நூறுக்காகத்தான் போன வருஷம் ஐப்பசி மாசம் தொண்ணூற்றொன்பது மாட்டி, மிச்சம் ஒரு கிலோவுக்குத் தண்டவாளத் துண்டொன்றைக் கயிற்றால் கட்டித் தூக்கினான். நெஞ்சுவரை வந்தது. பிறகு முதுகுக்குள்ளே ஏதோ நனைந்த துணி கிழிவதுபோலிருந்தது. நாலு பேர் பலகையில் போட்டு லயத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நாற்பது நாள் படுக்கை. நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவின் எண்ணெய் வாசம் லயத்துக் காம்பராவை விட்டுப் போக இன்னும் நாற்பது நாள். அவன் தாய் சுப்பம்மா, பென்ஷன் வாங்கி இரண்டு வருஷமானவள், எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் இதையே சொன்னாள்:

"பாரம் தூக்கக்கூடாதுன்னுதான் ஒன்னய கொழுந்து மலைக்கு அனுப்பாம ஸ்டோர்ல சேத்தேன். சும்மா கெடக்குற இரும்ப நீயே தேடிப்போயித் தூக்கியிருக்க. கூலியில்லாம பாரம் தூக்குன மனுசன இந்தத் தோட்டத்துல ஒன்னயத்தான் பாக்குறேன்டா."

பீலியடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் குமாரியைக் கேட்டார்கள்: "ஏன்டி, பயில்வான குளிக்க வாக்குறதும் நீதானா? சோறும் ஊட்டி விடுறியா?"

"ஊட்டுறேன். ஒம்புருசனுக்கும் பசிச்சா அனுப்பி விடு," என்றாள் குமாரி. அதன்பிறகு கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சிங்கள மிஸ்தான் அவனை எழுப்பி நடக்கவைத்தாள். மல்லாந்து படுத்து வயிற்றை இறுக்கு. முட்டிபோட்டு, வலது கையையும் இடது காலையும் நீட்டு. பிட்டத்தைப் பின்னால் தள்ளி, நெஞ்சை நிமிர்த்தி, முழங்காலை மடக்கித் தூக்கு, வாளியானாலும் சரி, சீப்பானாலும் சரி. "ஹெமின் ஹெமின்," என்பாள், மெதுவாக மெதுவாக. கீழே விழுந்த சீப்பை அவன் தொண்ணூறு கிலோபோலக் குந்தி எடுப்பதைப் பார்த்து லயமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஏழாம் மாதம் வெறும் கம்பி. பிறகு வாரம் ஒரு படி. "ஐம்பதைத் தொடுமுன் என்னிடம் வா. சொல்லாமல் தொடாதே," என்று அவனுடைய அட்டையில் சிவப்பால் கோடு போட்டிருந்தாள்.

வலி திரும்பிவந்ததைச் சொல்ல அவன் போனபோது, அந்த அட்டையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"பொய் சொல்கிறாய். ஐம்பது தூக்கியிருக்கிறாய்," என்றாள் சிங்களத்தில்.

"இல்லை மிஸ். அம்மாமேல் சத்தியம். நாற்பத்தைந்துதான்."

ஒரு கட்டையைக் கொடுத்துத் தூக்கச் சொன்னாள். பக்கவாட்டில் நின்று பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இப்படித் தூக்கி, இத்தனை மாதம் கழித்தும் நாற்பத்தைந்தில் நோகிறதென்றால், தம்பி, உன் முதுகு இனி இரும்புக்கில்லை. விட்டுவிடு. நட. நீந்து."

"நீந்துறதுக்குத் தோட்டத்துல எங்க மிஸ் இடம்?" என்றான் தமிழில். அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டினாள்.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டான். வீட்டில் சொல்லும்போது, ஏதோ ஆட்டை விற்பதைப்பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான்.

"இரும்ப ஜுனைதீன் நானா கடையில போட்டுறலாம்னு பாக்குறேன்."

"எல்லாத்தையுமா?" என்றாள் குமாரி.

"கம்பிய மட்டும் வச்சுக்கிட்டு துணியா காயப்போடுறது?"

சுப்பம்மா வெற்றிலையை மென்றபடி, "இப்பத்தான் புத்தி வந்துச்சு," என்றாள். சற்று நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "தூக்குறப்ப பாக்க நல்லாத்தான் இருந்துச்சு," என்றும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை த்ரீவீலரில் இரும்பை ஏற்றியதும் இறக்கியதும் குமாரியும் டிரைவரும்தான். அஜந்தன் பக்கத்தில் நின்று, "முட்டிய மடக்குங்க, முதுக வளைக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். கொடகவெல கடைத்தெருவின் கோடியில் பழைய இரும்பு வாங்கும் ஜுனைதீன் நானா, ஒரு சக்கரத்தை மேடைத் தராசில் வைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

"பத்து."

"ஒம்பது நானா," என்றான் அஜந்தன்.

"என்ன ஒம்பது? வந்து பாருங்க தம்பி, பத்து ஈக்கி."

"அதுலயே எழுதியிருக்குங்க."

"நான் எழுத்தையா வாங்கப் போற? இரும்பத்தானே."

"ஒங்களுக்கு நட்டம் வந்துறக்கூடாதுன்னுதான் சொல்றேன். ஒம்பதுன்னே போடுங்க."

நானா கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்தார். "முப்பது வருஷமா இந்தக் கடையில குந்தி ஈக்கிறன். இரும்பு கொண்டுவாற எல்லாரும் எடையக் கூட்டித்தான் செல்லுவாங்க. கொறச்சுக்கேட்டுச் சண்டைக்கு வந்த மொதல் ஆள் நீங்கதான்." உள்ளே போய், அரசாங்க முத்திரை குத்திய பத்துக் கிலோப் படிக்கல்லைத் தூக்கிவந்து, சக்கரத்தை எடுத்துவிட்டு அதை வைத்தார். முள் அதே இடத்தில் நின்றது. "இப்ப? இதுவும் ஒம்பதா?"

பதிமூன்றரை பதினைந்தாக இருந்தது. நாலரை ஐந்து. கம்பி இருபது. நானா சிவப்புச் சோக்கால் மூக்கையாவின் எண்களுக்குப் பக்கத்தில் தன்னுடைய எண்களை எழுதிக்கொண்டே போனார். அஜந்தனின் உதடுகள் அசைந்தன. நாற்பத்தைந்து, ஐம்பது. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட இடம். தொண்ணூறு...

"குமாரி," என்றான். "நூறு. நான் நூறத் தூக்கிட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தியே தூக்கிட்டேன்."

குமாரி தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும்தான்," என்றாள்.

"என்னா?"

"மாமா இத எந்தத் தராசுல நெறுத்தாரு?"

பெண்களின் கொழுந்தை நிறுக்கும் அதே தராசு. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவைக்கு நிறுவை இரண்டு கிலோ கழிப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காக மடுவத்தில் சண்டை போடாத நாளில்லை. முள்ளோடு யாரும் சண்டை போட்டதில்லை. பதினாறு கிலோ பறித்தால் முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி, குறைந்தால் அரைப் பேர். போன மாதம் மட்டும் குமாரி ஒன்பது நாள் பதினைந்தில் நின்றாள். சரியான தராசில் அது பதினாறைத் தாண்டியிருக்கும். கையில் சுறுசுறுப்பு போதாது என்று அவளும் நம்பி, காலையில் கால்மணி நேரம் முந்தி மலைக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

"விக்கிறீங்களா இல்லையா?" என்றார் ஜுனைதீன் நானா.

"இல்லீங்க நானா. மன்னிச்சுக்கங்க."

"மன்னிக்க என்ன ஈக்கி. ஏத்துறப்ப முதுகு கவனம்."

திரும்பி வரும்போது கம்பி த்ரீவீலருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் மனதில் இரண்டு விஷயங்கள் மாறிமாறி வந்தன. படியைச் சரியாக எண்ணித் தூக்கினால் மூன்று மாதத்தில் எங்கே இருப்பான் என்பது ஒன்று. செப்டெம்பரில் போட்டி. இன்னொன்றை அவன் நினைக்க விரும்பவில்லை. பிள்ளைக்காம்பராவின் சாவி தோட்டத்துச் சாவி. மூக்கையா மாமா சொல்லித்தான் அது அவன் இடுப்பில் இருக்கிறது.

வீட்டில் சுப்பம்மாவிடம் குமாரிதான் சொன்னாள். கிழவி இரண்டுமுறை கேட்டாள். பிறகு முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"தோட்டத்த கம்பெனிக்காரங்க எடுத்த அடுத்த வருசம் வந்த தராசு. பதிமூணு வருசம் இருக்கும். புது முள்ளு, பளபளன்னு இருந்துச்சு. நாங்க பொட்டெல்லாம் வச்சோம்."

"மாமாவுக்குத் தெரியுமா அத்த?"

"மூக்கையாவுக்கா? தெரிஞ்சா அதுல இவன் இரும்ப நெறுத்திருப்பானா? அவன் முள்ளப் பாத்து வாசிக்கிறவன். அம்புட்டுதான்."

"அப்ப மாமாகிட்ட மொதல்ல சொல்லிருவோம்," என்றாள் குமாரி.

அஜந்தன் தரையில் படுத்து வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். மாலைப் பயிற்சியை அவன் எதற்காகவும் விடுவதில்லை. "சொன்னா மாமா ஆபிஸ்ல சொல்லணும். நாளைக்கே தராசு சரியாயிரும். நேத்து வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சுன்னு ஆயிரும்."

"இல்லாட்டி?"

"எல்லார் முன்னாலயும் சக்கரத்தத் தொங்கவிட்டாத்தான் உண்டு."

"புள்ளக்காம்பராவப் பூட்டிப்புடுவாங்கடா," என்றாள் சுப்பம்மா.

அவன் வலது காலை உயர்த்தி, பத்து எண்ணி, இறக்கினான். இடது காலை உயர்த்தினான். பத்துக்குமேலும் அது இறங்கவில்லை. குமாரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பூட்டுவாங்க," என்றான்.

திங்கட்கிழமை மத்தியான நிறுவைக்குப் பெண்கள் மடுவத்தில் வரிசையாக நின்றார்கள். மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது. வரிசையின் ஓரத்தில் அஜந்தன் நிற்பதையும் அவன் காலடியில் சக்கரம் கிடப்பதையும் முதலில் பார்த்தது பின்னால் நின்றவர்கள்தான்.

"பயில்வானும் கொழுந்து கொண்டாந்துட்டாருடி!"

"முத்துன கொழுந்தால்ல தெரியுது. கழிச்சுப்புடுவாங்க!"

சிரிப்பு முன்வரிசை வரைக்கும் போனது. மூக்கையா நிமிர்ந்து பார்த்து, தானும் சிரித்து, குமாரியின் சாக்கைக் கொக்கியில் மாட்டினார். காலைக் கொழுந்து நல்ல கொழுந்து. முள்ளைப் பார்த்து, "ஒம்பது. ரெண்டு கழிச்சு ஏழு," என்றார். குமாரி சாக்கை இறக்கிக்கொண்டாள். நகரவில்லை. அடுத்தவளும் முன்னால் வரவில்லை.

"என்னா மருமகனே? எதுக்கு இரும்பு?"

"ஒரு தரம் நெறுத்துப் பாக்கணுங்க மாமா."

"அதத்தான் நானே நெறுத்து எழுதிக் குடுத்தேனே."

"ஆமாங்க. அதான். கடையில முத்திரக் கல்லோட வச்சுப் பாத்தா பத்து காட்டுதுங்க."

அஜந்தன் சக்கரத்துக்கு நேரே கால்களை அகட்டி நின்றான். பிட்டத்தைப் பின்னால் தள்ளினான். நெஞ்சை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி இறங்கினான். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். ஹெமின் ஹெமின். சக்கரம் தரையைவிட்டு எழுந்து, தொடையைத் தாண்டி, சட்டையோடு ஒட்டிக்கொண்டு நெஞ்சுக்கு வந்தது. இடுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டு அடி நடந்து, நடுத்துளையைக் கொக்கியில் மாட்டிக் கையை விட்டான். சட்டையில் சிவப்புச் சோக்கு அப்பியிருந்தது. சக்கரம் மெதுவாகச் சுழன்றது. மூக்கையாவின் வெள்ளை ஒன்பது ஒருமுறை பெண்கள் பக்கம் திரும்பியது. பிறகு பாதி அழிந்த சிவப்புப் பத்து.

தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. காயப்போட்ட சாக்குகளை எடுக்க யாரும் ஓடவில்லை. முள் ஒன்பதைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. மூக்கையா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, அது நிற்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.